சோடியம் 116 – கடிதமும் பதிலும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். போன மாதம் அம்மாவுக்கு (வயது 71) இரண்டு நாளாக வாந்தி. மூன்றாம் நாள் காலையில் என்னைப் பார்த்து, செத்துப்போன எங்கள் மாமா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டு பஸ் ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்டாள். காத்துக் கருப்பு அண்டியிருக்கும் என்று சொந்தக்காரர்கள் சுடலைமாடன் கோவிலில் திருநீறு வாங்கிப் போட்டார்கள். உள்ளூரில் ஒரு குளுக்கோஸ் பாட்டிலும் ஏற்றினோம், மயக்கம் கூடியதுதான் மிச்சம். அப்புறம் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு சோடியம் 116 என்றார்கள். ஐந்து நாள் வைத்திருந்து 131 ஆனதும் அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

பிரஷருக்காக இரண்டு வருஷமாக உப்பைக் குறைத்திருந்தாள். தண்ணீர் நிறையக் குடித்தால் நல்லது என்று யாரோ சொன்னதால் ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர் குடிப்பாள். என் சந்தேகம் இதுதான். உப்பு குறைந்தால் உப்பை ஏற்ற வேண்டியதுதானே, அதற்கு ஏன் ஐந்து நாள்? பில்லுக்காக இழுத்தார்களா? இனிமேல் உப்புப் போடலாமா, இந்துப்பு போடலாமா? என் மச்சான் ஆல்கலைன் தண்ணீர் மெஷின் ஒன்று வாங்கச் சொல்கிறார், ரத்தத்தில் அமிலம் கூடியதுதான் எல்லாவற்றுக்கும் காரணமாம். நீங்கள் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவர், கொஞ்சம் விளக்குங்கள்.

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அம்மா தேறியது சந்தோஷம். நான் டாக்டர் இல்லை, ஆகவே மருந்து விஷயத்தில் அங்கே சொன்னதுதான் முடிவு. இதில் இருக்கிற கெமிஸ்ட்ரியை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த 116. அது உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று சொல்கிற எண் கிடையாது. ஒரு லிட்டர் ரத்த நீரில் எத்தனை மில்லிமோல் (அணு, மூலக்கூறுகளை எண்ணுகிற அலகு) சோடியம் கரைந்திருக்கிறது என்பதுதான் அது. இருக்க வேண்டியது 135-லிருந்து 145 வரை. சோடியத்தின் அணு எடை 23, கணக்குப் போட்டால் 140 மில்லிமோல் என்பது சுமார் 3.2 கிராம், 116 என்பது சுமார் 2.7 கிராம். லிட்டருக்கு அரை கிராம் சொச்சம்தான் வித்தியாசம், அதற்கே அடுப்பங்கரை பஸ்ஸாகிவிட்டது பாருங்கள்.

செறிவு என்பது ஒரு பின்னம். மேலே உப்பு, கீழே தண்ணீர். மேலே இருப்பது குறைந்தாலும் எண் இறங்கும், கீழே இருப்பது கூடினாலும் இறங்கும். நம் ஆட்கள் 'சோடியம் குறைவு' என்று கேட்டதும் மேலே இருப்பதை மட்டும் நினைத்துக்கொண்டு உப்பு டப்பாவைத் தேடுகிறார்கள். வயதானவர்களிடம் பார்க்கிற சோடியம் குறைவில் பெரும்பாலும் நடந்திருப்பது வேறு, உடம்பு வெளியே தள்ள முடியாத தண்ணீர் உள்ளே தங்கிவிட்டது. உங்கள் அம்மா விஷயத்தில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், ஆனால் பெரிய பங்கு தண்ணீருக்குத்தான் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தோன்றுகிறது.

சரி, தண்ணீர் கொஞ்சம் கூடினால் மூளைக்கு என்ன வந்தது? ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும். அது உப்பிலிருந்து வந்ததில்லை, மாங்காயின் செல்லுக்குள் இருந்தது. சவ்வுக்கு எந்தப் பக்கம் கரைந்த பொருள் அதிகமோ அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் போகும். அம்மா உடம்பில் நடந்தது இதற்கு நேர் எதிர். செல்லுக்கு வெளியே இருக்கிற நீர் நீர்த்துப்போனதால் தண்ணீர் செல்லுக்குள் புகுந்தது. கை கால் தசையில் புகுந்தால் வீங்க இடமுண்டு. மூளை மண்டையோட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது, கொஞ்சம் வீங்கினாலும் நெருக்கும். தலைவலி, வாந்தி, ஆள் தெரியாமல் பேசுவது, முற்றினால் வலிப்பு. சுடலைமாடசாமி கோபித்துக்கொள்ள மாட்டார், ஆனால் வயதானவர்கள் திடீரென்று உளற ஆரம்பித்தால் திருநீறு பூசுகிற கையோடு ஒரு சோடியம், ஒரு சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

இந்த ஏற்பாட்டை உடம்பு எப்படிக் கட்டிக் காக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் அலுக்காத விஷயம். செல்லுக்கு வெளியே சோடியம் 140, உள்ளே பத்துப் பதினைந்துதான். பொட்டாசியம் தலைகீழ், உள்ளே 140 போல, வெளியே நாலு. சவ்வில் கசிவு இருக்கத்தான் செய்கிறது, சும்மா விட்டால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு செல்லின் சவ்விலும் ஒரு புரதம் உட்கார்ந்துகொண்டு, செல்லுக்கு எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. ராத்திரி பகல் கிடையாது. நாம் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு வேலைக்கே போகிறது. டென்மார்க்காரர் யென்ஸ் ஸ்கௌ 1957-இல் இதைக் கண்டுபிடித்தார், அதுவும் நண்டின் கால் நரம்பை அரைத்து. கடற்கரை ஊரான உவரிக்காரர்களிடம் சொன்னால் நண்டுக் காலை இப்படியும் வீணாக்குவார்களா என்று கேட்பார்கள். 40 வருஷம் கழித்து, 1997-இல், அதற்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். நரம்பில் ஓடுகிற மின்சாரம், இதயத்துடிப்பு, இப்போது நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பது எல்லாம் அந்தச் சோடியம், பொட்டாசியம் ஏற்றத்தாழ்வில்தான் ஓடுகிறது.

இனி உங்கள் பில் சந்தேகம். சோடியம் மெதுவாகக் குறைந்திருந்தால் இரண்டு நாளுக்குள் மூளை செல்கள் அதற்கேற்ப ஒரு ஏற்பாடு செய்துகொள்ளும். உள்ளே இருக்கிற பொட்டாசியத்தையும் இன்னும் சில சின்ன மூலக்கூறுகளையும் வெளியே தள்ளிவிட்டு, உள் செறிவையும் குறைத்துக்கொண்டு வீக்கத்தைத் தணிக்கும். அதனால்தான் ஆள் 116-இலும் உயிரோடு இருக்க முடிகிறது. இந்த நிலையில் வெளியே உப்பைச் சடாரென்று ஏற்றினால் என்ன ஆகும்? இப்போது வெளியே செறிவு கூட, உள்ளே குறைவு. தண்ணீர் செல்லை விட்டு வெளியே ஓடும், செல் சுருங்கும், நரம்பைச் சுற்றியிருக்கிற மயலின் உறை சிதையும். மூளைத்தண்டில் இது நடந்தால் பேச்சு போகலாம், விழுங்க முடியாமல் போகலாம், கை கால் விளங்காமல் போகலாம். எண் சரியாகி ஒன்றிரண்டு நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆள் அதற்கப்புறம் விழுந்துவிடுவதுதான் இதில் கொடுமை. ஆகவே ஒரு நாளைக்கு 8, மிஞ்சினால் 10-க்கு மேல் ஏறவிடக் கூடாது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வலிப்பு மாதிரி கடுமையான அறிகுறி வந்தால் மட்டும் 3 சதவீத உப்புக் கரைசலைக் கொடுத்து நாலைந்து புள்ளி உடனே ஏற்றுவார்கள், அப்புறம் திரும்பவும் நிதானம்தான். ஐந்து நாளில் 15 புள்ளி ஏற்றியிருக்கிறார்கள். அதில் எனக்குக் குறை தெரியவில்லை. ரூம் வாடகையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

குளுக்கோஸ் பாட்டில் விஷயம். நம்மூரில் 'ஒரு பாட்டில் ஏத்துங்க' என்று நாமே கேட்டு வாங்குகிறோம், ஏற்றாவிட்டால் கைராசி இல்லாத டாக்டர் என்று பேர் வேறு. வெறும் 5 சதவீத குளுக்கோஸ் என்றால், அந்தச் சர்க்கரையைச் செல்கள் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது வெறும் தண்ணீர். ஏற்கெனவே நீர்த்திருந்த ரத்தத்தில் இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றின கதைதான். உப்புக் கலந்த குளுக்கோஸும் உண்டு, உங்களுக்கு எதை ஏற்றினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

அம்மா எப்படி 116-க்கு வந்தாள் என்பதற்கு என் ஊகம் இது. குமட்டல் வந்தாலே மூளை, தண்ணீரைப் பிடித்து வை என்று சிறுநீரகத்துக்கு ஒரு ஹார்மோனை அனுப்பும். அப்போது குடித்த தண்ணீர் வெளியே போகாது. இன்னொன்று, சிறுநீரகம் வெறும் தண்ணீராகச் சிறுநீர் பிரிக்காது, கொஞ்சமாவது யூரியாவும் உப்பும் கரைந்துதான் போக வேண்டும். வாந்தி நாட்களில் நீங்கள் கஞ்சித்தண்ணியைத்தான் கொடுத்திருப்பீர்கள். கஞ்சியில் யூரியாவாக மாறுகிற புரதம் சொற்பம், அம்மாவுக்கென்று உப்பும் போட்டிருக்க மாட்டீர்கள், அப்புறம் யூரியாவும் உப்பும் எங்கிருந்து வரும்? வயதும் சேர்ந்துகொண்டால் தண்ணீரைத் தள்ளுகிற திறனே பாதியாகிவிடும். மூன்றாவதாக, பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஒரு எழுத்து ஒட்டியிருந்தால் அனேகமாக அதில் ஹைட்ரோகுளோரோதயாசைட் என்கிற, சிறுநீரைக் கூட்டுகிற மருந்து இருக்கும். நல்ல மருந்துதான், ஆனால் வயதான பெண்களுக்குச் சோடியத்தை இறக்குவதில் பேர்போனது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அட்டையோடு போய்க் கேளுங்கள்.

உப்பை ஒரேயடியாக விலக்கவும் வேண்டாம், பயந்துபோய் அள்ளிப்போடவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது, அது சுமார் 2 கிராம் சோடியம். நம் சாம்பார், ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக்கு அந்த அளவு தாண்டுவது சுலபம், ஆகவே பிரஷர்காரர்கள் குறைப்பது நியாயமே. அந்த அளவில் நிறுத்திக்கொண்டால் மட்டும் யாருக்கும் 116 வந்துவிடாது. மாற்ற வேண்டியது அந்த நாலைந்து லிட்டரை, எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரே சொல்லட்டும். இந்துப்பு என்பதும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் காய்வதும் அதுவேதான், இந்துப்பில் அயோடின் சேர்ந்திருக்காது என்பதுதான் பெரிய வித்தியாசம். 'லோ சோடியம்' என்று விற்கிற உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும், டெல்மிசார்டன், லோசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது பொட்டாசியத்தை ஏற்றிவிடக் கூடும், இதயத்துக்கு ஆபத்து. கேட்காமல் வாங்காதீர்கள்.

கடைசியாக மச்சானின் மெஷின். ரத்தத்தின் பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டுகிற எண்) 7.35-லிருந்து 7.45-க்குள் நிற்கிறது. அதை நிறுத்துவது நுரையீரலும் சிறுநீரகமும், இடையில் அமிலத்தைத் தணிக்கிற பைகார்பனேட். நாம் ஒரு நாளைக்கு மூச்சில் விடுகிற கார்பன் டை ஆக்சைடு 13, 14 மோல் இருக்கும், அத்தனையும் ரத்தத்தில் கார்பானிக் அமிலமாகத் தங்கக்கூடிய சரக்கு. அதையே சத்தமில்லாமல் வெளியே தள்ளுகிற ஏற்பாட்டுக்கு மெஷின் தண்ணீர் எந்த மூலைக்கு? பிஹெச் 9 உள்ள தண்ணீரில் லிட்டருக்கு 0.01 மில்லிமோல் ஹைட்ராக்சைடு இருக்கும். இரைப்பையில் பிஹெச் 2 என்று வைத்தால், ஒரு லிட்டர் தண்ணீரின் அந்தக் காரத்தை முடித்துவைக்க ஒரு மில்லி லிட்டர் இரைப்பை அமிலம் போதும். தண்ணீரில் பைகார்பனேட்டும் கரைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அமிலம் செலவாகும், அவ்வளவுதான். மச்சானுக்குக் காரம் வேண்டுமென்றால் சுண்ணாம்பு தடவின கலயத்துப் பதநீர் குடிக்கட்டும், சர்க்கரை வியாதி இல்லாத பட்சத்தில். மெஷின் வந்தால் அம்மா இன்னும் இரண்டு லிட்டர் கூடக் குடிப்பாள் என்பதுதான் என் கவலை.

131 இன்னும் 135-க்குக் கீழேதான். திரும்ப எப்போது ரத்தம் பார்க்கச் சொன்னார்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள், எழுதியிருக்காவிட்டால் இந்த வாரமே போன் போட்டுக் கேளுங்கள். அதில் யூரின் சோடியம், யூரின் ஆஸ்மொலாலிட்டி (சிறுநீரில் கரைந்திருக்கிற பொருட்களின் மொத்தச் செறிவு) என்று இரண்டு எண்கள் இருந்தால் எனக்கும் எழுதுங்கள். அதை வைத்து என் ஊகம் எவ்வளவு தூரம் சரி என்று பார்த்துவிடலாம்.