ஸ்கீமா மாற்றமும் டேட்டா நகர்த்தலும்: கேள்வி-பதில்

கேள்வி: ஐந்து கோடி ரெக்கார்டு உள்ள டேபிளில் ஒரு ஃபீல்டின் பெயரையும் வகையையும் மாற்ற வேண்டும். சர்வீஸை நிறுத்தாமல் முடியுமா?

முடியும், ஒரே டெப்ளாய்மெண்டில் அல்ல. பெயரை நேரடியாக மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் பழைய கோடு பழைய பெயரைத் தேடி விழுந்துவிடும். முதலில் நல் (NULL, அதாவது மதிப்பே இல்லாத நிலை) அனுமதியோடு புது ஃபீல்டைச் சேருங்கள். அடுத்து அப்ளிகேஷன் இரண்டிலும் எழுதட்டும், படிப்பது பழையதிலிருந்தே. பிறகு பழைய ரெக்கார்டுகளை ஆயிரம், இரண்டாயிரமாகப் பிரித்து நிரப்புங்கள், தொகுதிக்கு ஒரு கமிட் (மாற்றத்தை உறுதிசெய்து சேமிப்பது). எல்லாவற்றையும் ஒரே அப்டேட்டில் அடித்தால் லாக் (மற்றவர் மாற்ற முடியாதபடி பூட்டுவது) நீளும், ரெப்ளிகா (நகல் சர்வர்) பின்தங்கும்.

பிரிப்பதற்கு ஆஃப்செட் (முதல் இத்தனை ரெக்கார்டைத் தாண்டு என்பது) வேண்டாம். தாண்ட வேண்டிய ரெக்கார்டுகளையும் ஒவ்வொரு முறையும் படித்தே நகரும் என்பதால் போகப் போக மந்தமாகும். கடைசியாக முடித்த பிரைமரி கீயை (ரெக்கார்டின் தனி அடையாள எண்) குறித்து வைத்து, அதற்கு மேலுள்ளவற்றை எடுங்கள். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 'புது ஃபீல்டு NULL ஆக இருந்தால் மட்டும்' என்ற நிபந்தனையும் அப்டேட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால், ஸ்கிரிப்ட் முன்பே படித்து வைத்திருந்த பழைய மதிப்பு, அப்ளிகேஷன் இப்போது எழுதியதை அழித்துவிடும். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தபின் படிப்பதைப் புதியதற்கு மாற்றுங்கள். பழைய ஃபீல்டை நீக்க அவசரமே இல்லை. அது இருக்கும்வரைதான் பின்வாங்குவது சுலபம்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு ஃபீல்டு சேர்த்ததற்கே எல்லாக் குவெரியும் நின்றுவிட்டன. ஏன்?

வேலை சிறியதுதான், காத்திருப்புதான் பெரியது. ஃபீல்டு சேர்க்கும் ஆல்டர் டேபிள் கட்டளை அந்த டேபிளை முழுதாக லாக் செய்யும். ஏற்கெனவே நீண்ட ரிப்போர்ட் குவெரி ஓடினால் அது முடியக் காத்திருக்கும். பின்னால் வரும் சாதாரண செலக்ட்டும் அதற்குப் பின்னால் நிற்கும். மைக்ரேஷன் (ஸ்கீமாவை, அதாவது டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) தொடக்கத்தில் லாக் டைம்அவுட்டை 2 செகண்டாக வைத்து, லாக் கிடைக்காவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி முயலச் சொல்லுங்கள். 11-ஆம் பதிப்பு முதல், நிலையான டீஃபால்ட்டோடு ஃபீல்டு சேர்த்தால் டேபிள் திரும்ப எழுதப்படாது. ரேண்டம் யூயூஐடி (தானாக உருவாகும் தனி அடையாளம்) போல ரெக்கார்டுக்கு ரெக்கார்டு மாறும் டீஃபால்ட் என்றால் எழுதப்படும்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் மைக்ரேஷன் பாதியில் நின்றது. ரோல்பேக் (செய்ததைத் திரும்பப் பெறுவது) பலிக்கவில்லையே?

பலிக்காது. அங்கே ஆல்டர், கிரியேட் எல்லாம் தாமாகவே கமிட் ஆகிவிடும். ஒரு மைக்ரேஷன் ஃபைலுக்கு ஒரே ஸ்கீமா மாற்றம் வையுங்கள்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறினோம். ரெக்கார்டு எண்ணிக்கை சரி. முதல் இன்சர்ட்டிலேயே டூப்ளிகேட் கீ என்கிறது.

ஐடியோடு சேர்த்து நகலெடுத்ததால் சீக்வென்ஸ் (அடுத்த ஐடியைத் தரும் எண்ணி) நகரவே இல்லை. ஒவ்வொரு டேபிளின் அதிகபட்ச ஐடியையும் அதன் சீக்வென்ஸுக்கு செட்வால் ஃபங்ஷன் மூலம் கொடுங்கள்.

எண்ணிக்கை சரி என்பதை அதிகம் நம்ப வேண்டாம். '0000-00-00' என்ற தேதியை போஸ்ட்கிரெஸ் ஏற்காது; நகர்த்திய கருவி அதை நல் ஆக்கியிருக்கலாம். மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்காது, போஸ்ட்கிரெஸ் பார்க்கும். அதனால் ஈமெயிலைப் பெரிய எழுத்தில் தட்டுபவருக்கு லாகின் தோற்கும், அதே முகவரியில் இரண்டாவது கணக்கும் உருவாகும். ஈமெயிலை லோயர் செய்து (சிறிய எழுத்தாக்கி) அதன்மேல் யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுப்பது) போடுங்கள். தேடும் குவெரியிலும் லோயர் வேண்டும். தொகைகளின் கூட்டுத்தொகை, ஃபீல்டுவாரியாக நல் எண்ணிக்கை, முதல் தேதி, கடைசித் தேதி ஆகியவற்றை இரு பக்கமும் எடுத்து ஒப்பிட்ட பிறகு பழைய சர்வரை அணையுங்கள்.