கெடு முடிந்த வாரத்தில் பணம் எங்கே இருந்தது?

கேள்வி: கிண்டியில் வேலை, தாம்பரத்தில் 14,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். சிங்கப்பெருமாள்கோவில் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கிராமத்தில், பஞ்சாயத்து அப்ரூவல் மனையில் கட்டிய வீட்டை 42 லட்சத்துக்குப் பேசி, 6 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். ஆறு மாதக் கெடு. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவில்லை. மனைக்கு வரன்முறை உத்தரவு (அங்கீகாரமில்லாத மனையை அரசு முறைப்படுத்தித் தரும் உத்தரவு) இல்லாததால் லோன் இழுத்துக்கொண்டே போனது. பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம்கூடப் பார்த்துவிட்டோம். கெடு முடிந்து இரண்டு வருடம் ஐந்து மாதம் ஆகிறது. அண்ணன் தம்பியாகப் பழகிய, வீட்டை விற்பவர் இப்போது 55 லட்சம் கேட்கிறார். தரகரிடம் 47-க்குச் சம்மதம் என்கிறாராம். பேசிய விலைக்கே எழுதி வாங்க முடியுமா?

பதில்: அவர் பழகிய விதம், பள்ளிக்கூடம், அவருடைய பேராசை எதுவும் கோர்ட்டில் எடுபடாது. ஒப்பந்தம் பதிவாகாததுகூட முதல் கவலை இல்லை. தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பிறகு அதைப் பதிவு செய்தாக வேண்டும் என்றாலும், கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில் பதிவாகாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் வழக்கின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது: மீதி 36 லட்சத்தோடு நீங்கள் தயாராக இருந்தீர்கள் என்று காட்ட முடியுமா?

இதே ரயில் பாதையில் வீடு பேசிய ஒரு கட்சிக்காரர் கூண்டில் ஏறி, "பணம் ரெடியாக இருந்தது" என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் அவருடைய பாஸ்புக்கை நீட்டி, கெடு முடிந்த வாரத்து வரியைப் படிக்கச் சொன்னார். இருப்பு 11,000 சொச்சம். மாமனார் தருவதாக இருந்தது, நகையை வைத்திருப்பேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். மாமனாரைச் சாட்சியாகப் போடவே இல்லை. வழக்கு தோற்றது.

ரொக்கமாகக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை. லோன் சாங்ஷன் லெட்டர், வைப்புத்தொகை ரசீது போதும். ஆனால் கெடுவுக்குள் தேதியிட்ட காகிதம் வேண்டும்.

லோன் இழுத்ததற்கு அவர்தான் காரணம் என்று நீங்கள் சொல்லலாம். சரி, வரன்முறை உத்தரவு வாங்கித் தருவது அவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா? கெடுவுக்குள் அதை எழுத்தில் கேட்டீர்களா? வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி இருந்தாலும் உதவும். அந்த போனை மாற்றாதீர்கள். எல்லாம் வாய்ப்பேச்சு என்றால், "லோன் கிடைக்காமல் பின்வாங்கியது இவர்தான்" என்று அவர் சொல்வார். மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

வழக்குப் போடக் காலவரம்பு கெடு முடிந்ததிலிருந்து மூன்று வருடம், இன்னும் ஏழு மாதம் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். இவ்வளவு நாள் ஒரு நோட்டீஸ்கூட விடாததையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். நகர்ப்புறத்தில் விலை ஏறும் வேகத்தில் ஒப்பந்தக் கெடுவை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதனால் 45, 46-க்கு இறக்கப் பாருங்கள். இறங்காவிட்டால் 47-க்கே முடியுங்கள். வழக்கு என்றால் 3 சதவீதம் கோர்ட் கட்டணமே 1,26,000 ரூபாய். மூன்று வருடம் நடந்தால் தாம்பரம் வாடகை மட்டும் 5,04,000. அப்புறம் அப்பீல் இருக்கிறது.

முடிப்பதைப் புதிய ஒப்பந்தமாக எழுதி, இந்த முறை பதிவு செய்யுங்கள். வரன்முறை உத்தரவை அவர் கையில் தந்த நாளிலிருந்து 60 நாளில் கிரயம் என்று அதில் இருக்கட்டும். அந்த லேஅவுட்டில் 20.10.2016-க்குள் மனைகள் பதிவாகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் 2017 வரன்முறை விதிகளுக்குள் வராது. வீட்டை மறந்துவிட்டு அட்வான்ஸை வட்டியோடு கேளுங்கள்.

பேச்சு ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும். வழக்குதான் என்று ஆனால், கிரயம் கிடைக்காத பட்சத்தில் அட்வான்ஸைத் திருப்பித் தரும்படி பிராதிலேயே (வழக்கு மனுவிலேயே) கேட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டு 6 லட்சத்தையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால், நாளைக்கே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். உங்கள் ஒப்பந்தம் பதிவில் இல்லாததால், அவர் வீட்டை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும் உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.