கண் கண்டது எது?

கேள்வி: கண்ணால் கண்ட ஒரேயொரு சாட்சி சொன்னாலும் நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது. என் மாமி ஒரு மாதம் கசாயம் குடித்துச் சீனி வருத்தம் குறைந்ததை நான் கண்ணாலேயே கண்டேன். அவர் கிளினிக் குளிசையை நிறுத்தவில்லை, சோற்றையும் குறைத்துக்கொண்டார் என்பது உண்மைதான். அதற்காக, "இது ஆதாரம் ஆகாது" என்று டொக்டர் சொல்வது என்ன நியாயம்?
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஒரு சாட்சி போதும் என்பது சரி. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, இத்தனை பேர் வந்து சொல்ல வேண்டும் என்று கணக்கு வைக்கவில்லை. ஆனால் அதே சட்டத்தில் 60ஆம் பிரிவும் இருக்கிறது, அம்மா. கண்டவர் கண்டதைத்தான் சொல்ல வேண்டும். மாமி கசாயம் குடித்ததைக் கண்டீர்கள். இரத்தப் பரிசோதனைத் துண்டில் எண் இறங்கியதையும் கண்டீர்கள். கசாயம்தான் அதை இறக்கியது என்பதை நீங்கள் காணவில்லை. அது இரண்டுக்கும் நடுவே நீங்கள் போட்ட முடிச்சு.

புதுக்கடை நீதிமன்றத்தில் ஒரு தாக்குதல் வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்ட வைத்திய அதிகாரி சாட்சிக் கூண்டில் நின்றார். "கீழே விழுந்தாலும் இப்படிக் காயம் வருமா, டொக்டர்?" என்று கேட்டார் எதிரியின் சட்டத்தரணி. அவர் தன் அறிக்கையை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "வரலாம்" என்றார். காயத்தின் நீளமும் ஆழமும் அவர் கண்டவை. அடி விழுந்த விதம் அவர் காணாதது. அந்த ஒரு சொல்லுக்காக அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை.

மனிதரைக் குறுக்கு விசாரணை செய்யச் சட்டத்தரணி இருக்கிறார். மருந்தை யார் விசாரிப்பது? அதைக் குடிக்காத நோயாளிதான். 1948இல் பிரிட்டனில் வெளியான காசநோய் ஆய்வில் 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பதை, குலுக்கல் போல முன்பே எழுதி மூடி ஒட்டிய உறைகள் தீர்மானித்தன. எக்ஸ்ரே படம் யாருடையது என்பது அதைப் பார்த்துச் சொன்னவர்களுக்குத் தெரியாது. ஆறு மாதத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் மற்றவர்களில் 14 பேரும் இறந்தார்கள். என்னை உலுக்கியது இன்னொரு கணக்கு: வெறுமனே படுத்திருந்தவர்களிலும் 4 பேருக்கு நுரையீரல் நன்றாகத் தேறியிருந்தது. அந்த நால்வருக்கும் யாராவது கசாயம் கொடுத்திருந்தால், நான்கு வீட்டிலும் உங்களைப் போல் கண்கண்ட சாட்சிகள் இருந்திருப்பார்கள்.

2020 டிசம்பரில், கொரோனாவுக்கு மருந்து என்று சொல்லப்பட்ட கேகாலை நாட்டு மருந்துப் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததும் இந்த முடிச்சினால்தான். கொரோனா வந்தவர்களில் பெரும்பாலானோர் எந்தப் பாணியும் குடிக்காமலே சுகமானார்கள்.

கசாயம் பொய் என்று டொக்டர் சொல்லவில்லை, நிரூபிக்கப்படவில்லை என்கிறார். குளிசையையும் குறைத்த சோற்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவை இரண்டையும் விட்டுவிட்டுக் கசாயத்துக்கு மட்டும் ஏன் மாலை போடுகிறீர்கள்? மாமி குளிசையை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கசாயத்தில் என்னென்ன சரக்குப் போடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி, அடுத்த கிளினிக்குக்குக் கையோடு கொடுத்தனுப்புங்கள்.