செங்கடலுக்குப் போக மாட்டேன் என்று மகன் சொல்லலாமா?

கேள்வி: என் இளைய மகன் சரக்குக் கப்பலில் ஓ.எஸ். (சாதாரண மாலுமி) வேலையில் இருக்கிறான். ஏறி நான்கு மாதம் ஆகிறது. கப்பல் இப்போது செங்கடல் வழியாகப் போகிறதாம். அவனுக்கு மனமில்லை. அனுப்பிவைத்த ஏஜெண்டிடம் கேட்டால், “மறுத்தால் சி.டி.சி. (மாலுமியின் அடையாளப் புத்தகம்) ரத்தாகும், கம்பெனிக்கு நஷ்டஈடு கட்டணும்” என்கிறார். உண்மையா ஐயா? என் தம்பி ஈரானில் மீன்பிடி போட்டில் இருக்கிறான். அவனுக்கும் இதே சட்டம்தானா?
– ஒரு தாய், பொழியூர்

பதில்: அம்மா, ஏஜெண்ட் சொன்னது பொய். ஒப்பந்தம் தரும் உரிமைப்படி, போர் நடக்கும் கடலுக்குப் போக மாட்டேன் என்று முறையாக எழுதிக்கொடுத்ததற்காக சி.டி.சி. ரத்தாகாது. சொல்லாமல் கொள்ளாமல் துறைமுகத்தில் இறங்கிப் போனால் அது குற்றம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஏஜெண்டுக்கு நன்றாகவே தெரியும்.

உங்கள் மகனுடைய உரிமை அவன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. உலகக் கடல்தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. கப்பல் போர்ப் பகுதிக்குப் போகிறது, மாலுமிக்குச் சம்மதமில்லை என்றால் அவனை ஊருக்கு அனுப்பவேண்டும் என்று அதில் வழிகாட்டுதல் உண்டு. ஆனால் எது போர்ப் பகுதி என்பதை அது நாட்டுச் சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் விட்டுவிட்டது. இப்படி எழுதிவைத்த புண்ணியவான்கள் யாரும் ஓ.எஸ். ஆகக் கப்பல் ஏறியவர்களாக இருக்க மாட்டார்கள்.

கப்பல் முதலாளிகளும் ஐ.டி.எஃப். என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனமும் சேர்ந்து போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் உங்கள் மகனின் கப்பல் இருந்தால் கவலை குறைவு. தெற்குச் செங்கடலையும் ஏடன் வளைகுடாவையும் 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தத்தின் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியல் அவ்வப்போது மாறும். கப்பல் போகும் தேதியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘போர்ச் சூழல் பகுதி’ என்று அதில் குறித்த இடத்துக்குப் போக மறுப்பவனைக் கம்பெனி செலவில் ஊருக்கு அனுப்பி, இரண்டு மாத அடிப்படைச் சம்பளமும் கொடுக்க வேண்டும். போகச் சம்மதித்தால், அங்கே இருக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான போனஸ், குறைந்தது 5 நாளுக்கு. உயிருக்கோ உடம்புக்கோ ஏதாவது ஆனால் நஷ்டஈடு இரட்டிப்பு.

அடிப்படைச் சம்பளம் என்பது கைக்கு வரும் மொத்தச் சம்பளம் அல்ல. அடிப்படை 400 டாலர் என்றால் 5 நாள் போனஸ் சுமார் 67 டாலர்தான். ‘டபுள் சம்பளம்’ என்று ஏஜெண்டுகள் ஆசைகாட்டுவது இதைத்தான்.

கப்பல் இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது சுலபம். கப்பலின் பெயர் அல்லது ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண்ணை (கப்பலின் அடையாள எண்) மகனிடம் வாங்கி, ஐ.டி.எஃப். இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். கொச்சியில் அவர்களுடைய இன்ஸ்பெக்டர் இருக்கிறார். கேட்க ஒரு பைசா வேண்டாம்.

மகன் செய்யவேண்டியது ஒன்றுதான். கப்பல் அந்தப் பகுதிக்குள் நுழைவதற்கு முன்பே கேப்டனுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், கம்பெனிக்கும் மின்னஞ்சலில் ஒரு நகல் அனுப்ப வேண்டும். போசனிடம் (மாலுமிகளின் மேஸ்திரி) வாயால் சொன்னது கணக்கில் வராது. உள்ளே போனபிறகு நடுக்கடலில் யாரும் இறக்கிவிட மாட்டார்கள். கொழும்போ காலியோ வழியில் இருக்கும்போதே பேச வேண்டும்.

1987-ல், ஈரான்–ஈராக் போர் நடந்தபோது, நான் பயிற்சி மாலுமியாக ஓர் எண்ணெய்க் கப்பலில் பாரசீக வளைகுடாவில் இருந்தேன். இரவில் கப்பலின் சமையலறையில்கூட விளக்கை அணைக்கச் சொன்னபோதுதான் எங்கே இருக்கிறோம் என்றே எங்களுக்குப் புரிந்தது. கையெழுத்துப் போட்ட தாளின் நகல் ஒருவரிடமும் இல்லை. அதனால்தான் கேட்கிறேன்: மகனின் ஒப்பந்த நகல் உங்கள் வீட்டில் இருக்கிறதா? இல்லை என்றால் அதை இன்றைக்கே போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஏஜெண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் விட முடியவில்லை. வேலை வாங்கித் தர மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது. மெடிக்கல், பாஸ்போர்ட், சி.டி.சி. செலவுதான் அவனுடையது. களியக்காவிளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடி அறையில் போர்டு மாட்டி இரண்டு லட்சம், மூன்று லட்சம் கறப்பவனிடம், கப்பல் வேலைக்கு ஆள் அனுப்பத் தேவையான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்காது. எண் காட்டினால் கப்பல் துறை இயக்ககத்தின் தளத்தில் சரிபாருங்கள். வேறு கம்பெனியின் எண்ணைத் தன்னுடையது என்று காட்டுகிறவனும் உண்டு. மகனுடைய அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்திருந்தால் அதுவே போலீஸ் புகாருக்குப் போதும். ஆனால் போலீஸ் என்ன சொல்லும் என்பதும் எனக்குத் தெரியும். வீடு கேரளத்தில், ஏஜெண்ட் தமிழ்நாட்டில். இந்த ஸ்டேஷன் அந்த ஸ்டேஷனைக் கைகாட்டும். அதற்குள் கப்பல் இரண்டு தடவை சூயஸைக் கடந்துவிடும். அதனால் புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

‘கப்பலைப் பிடித்துவிட்டால் சம்பளம் நின்றுவிடும்’ என்றும் பயம் காட்டுவார்கள். இரண்டாம் உலகப் போரில் 1941 வரை பிரிட்டிஷ் கப்பல்களில் அப்படித்தான் இருந்தது. கப்பல் மூழ்கிய நாளோடு சம்பளம் நிற்கும். உயிர் பிழைத்துப் படகில் தவித்த நாட்களுக்குக் காசு இல்லை. அந்தப் போரில் ஏறக்குறைய 6,000 இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் இறந்தார்கள். இன்றைக்கு விதி மாறிவிட்டது. கடற்கொள்ளையர் பிடித்துவைத்தால் விடுதலையாகும் வரை சம்பளம் ஓட வேண்டும். 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் பிடித்த கேலக்ஸி லீடர் கப்பலின் 25 பேர் 2025 ஜனவரியில்தான் வெளியே வந்தார்கள். பதினான்கு மாதம்!

இனி உங்கள் தம்பி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நம் கரையில் எல்லோரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். மேலே சொன்ன எதுவும் அவருக்குப் பொருந்தாது. அந்த உலகக் கடல்தொழிலாளர் உடன்படிக்கை மீன்பிடிப் படகுகளையும் தோணி போன்ற பாரம்பரியக் கலங்களையும் பெயர் சொல்லியே விலக்கிவைத்திருக்கிறது. இரண்டும் ஒரே கடல், அதே ஏவுகணை, ஆனால் சட்டத்துக்கு அவர் மாலுமி அல்ல. போர் போனஸ் கிடையாது, மறுத்தால் இரண்டு மாதச் சம்பளம் கிடையாது, ஐ.டி.எஃப். தளத்தில் தேடினாலும் அவருடைய போட் வராது. சரக்கு ஏற்றும் தோணியில் போகிறவர்களுக்கும் இதே கதிதான்; ‘கப்பல் வேலை’ என்று சொல்லித் தோணியில் ஏற்றிவிடும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். 2020-ல் கொரோனா நேரத்தில் கடற்படையின் ஜலஷ்வா போய் ஈரானில் இருந்தவர்களைத் தூத்துக்குடிக்கு அழைத்து வந்தது உண்மை. அது அரசு மனது வைத்ததால் நடந்தது, ஒப்பந்தத்தில் இருந்ததால் அல்ல.

ஆகவே அவருக்கு வழி தூதரகமும் மாநில அரசும்தான். பொழியூர் கேரளம் என்பதால் திருவனந்தபுரத்தில் நோர்க்காவுக்கு (வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கான மாநில அரசு அலுவலகம்) போங்கள். நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் நாளை வீணாக்க வேண்டாம். தம்பியின் பாஸ்போர்ட் நகல், விசா நகல், போட் முதலாளியின் பெயர், துறைமுகத்தின் பெயர் எல்லாம் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்திருப்பார், அது அங்கே வழக்கம். நகல் கொல்லங்கோட்டில் ஏதாவது ஜெராக்ஸ் கடைக்காரரின் கம்ப்யூட்டரில்கூட இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.