குறைந்த விலை ரைபிளும் பொருத்தமான தோட்டாவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் 22 ஆண்டுகள் பால்பண்ணையில் வேலை செய்துவிட்டுக் குழித்துறைக்குத் திரும்பியவன் நான். ஐரோப்பியர் கப்பலில் கொண்டுவந்து விட்ட சிவப்பு மான்கள், கொன்று தின்னும் விலங்கு எதுவும் இல்லாத அந்நாட்டில் பெருகி இளங்காட்டை மேய்ந்து அழிப்பதால், அரசே பொதுக்காடுகளில் மான் வேட்டைக்குக் கட்டணமில்லாமல் அனுமதி தருகிறது. நம் குமரி மாவட்டத்திலிருந்து அங்கும், கனடாவுக்கும், அமெரிக்காவுக்கும் போனவர்களும், ஊரில் இருப்பவர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

மார்த்தாண்டத்துக்காரர், இப்போது நியூசிலாந்தின் இன்வர்கார்கில்: அண்ணாச்சி, லைசென்ஸ் கிடைத்துவிட்டது. கையில் பணம் குறைவு. கடையில் சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன், ஹோவா 1500 ஆகிய மூன்றையும் காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்?

தம்பி, இந்த மூன்றில் எதை எடுத்தாலும் 200 மீட்டரில் மானின் நெஞ்சில் குண்டை வைக்கும் துல்லியம் அதில் இருக்கும். விலையைக் குறைப்பதற்காக அவர்கள் கை வைப்பது பெரும்பாலும் தோளில் ஊன்றிப் பிடிக்கும் கட்டையிலும், தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினிலும், மேற்பூச்சிலும்தான். குழல் நன்றாகவே இருக்கும். சாவேஜ் ஆக்சிஸில் குழலுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் முன்கட்டை சற்று வளைந்து கொடுக்கும் என்பதால், கடையிலேயே ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையில் செருகி, முன்கட்டையைக் கையால் அழுத்திக்கொண்டே இழுத்துப் பாருங்கள். காகிதம் சிக்கினால், சுடும்போது கட்டை குழலைத் தொட்டுக் குண்டு விழும் இடத்தை மாற்றிவிடும். ஹோவா ஜப்பானில் செய்யப்படுவது. அதே இயந்திரப் பகுதிதான் அமெரிக்காவில் வெதர்பி வான்கார்டு என்ற பெயரிலும் விற்கப்பட்டு வந்திருக்கிறது. இரும்பு அதிகம், எடையும் அதிகம். மலை ஏறி வேட்டையாடுவதாக இருந்தால் ரூகர், பண்ணை ஓரத்தில் காத்திருந்து சுடுவதாக இருந்தால் ஹோவா என்பது என் தேர்வு.

ஆனால் உங்கள் பணம் முழுவதையும் ரைபிளில் போட்டுவிடாதீர்கள். பாதியை ரைபிளுக்கும், கால் பங்கைக் குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கும் அதைப் பிடித்து நிறுத்தும் வளையங்களுக்கும், மீதிக் கால் பங்கைத் தோட்டாக்களுக்கும் வையுங்கள். நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். விலை உயர்ந்த ரைபிளின் மேல் மலிவான வளையங்களைப் பூட்டி, பத்துத் தோட்டாக்கூடச் சுட்டுப் பழகாமல் மலைக்குப் போனேன். வளையம் நகர்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. நெஞ்சைக் குறி வைத்த குண்டு பெண் மானின் வயிற்றில் பட்டது. இருட்டும் வரையிலும், மறுநாள் முழுவதும் தேடியும் அந்த மானை நான் கண்டுபிடிக்கவில்லை. இன்றைக்கும் யார் ரைபிள் விலையைப் பற்றிக் கேட்டாலும் அந்த மான்தான் என் நினைவுக்கு முதலில் வருகிறது.

அதே வாசகர்: தோட்டாவில் .308, 6.5 கிரீட்மோர், .243 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இந்த எண்கள் குண்டின் தடிமனை ஏறத்தாழக் குறிப்பவை; புள்ளியில் தொடங்குபவை அங்குலத்தில், 6.5 மில்லிமீட்டரில். இந்த மூன்றுமே சிவப்பு மானை வீழ்த்தப் போதுமானவை. .308 வின்செஸ்டர் 1952இல் வந்தது. அதன் கூட்டின், அதாவது மருந்தை அடைத்துக் குண்டைப் பிடித்திருக்கும் உறையின், கழுத்தைக் குறுக்கிச் செய்ததுதான் 1955இன் .243, அதே கூட்டிலிருந்து பிறந்த இன்னொன்று 7 எம்எம்-08. எனவே ஒரே அளவுள்ள ரைபிள் இந்த எல்லாத் தோட்டாக்களிலும் கிடைக்கும். 6.5 கிரீட்மோர் 2007இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்தது. அதன் குண்டு மெலிந்து நீண்டது என்பதால் காற்றில் குறைவாக விலகும், தோளில் உதையும் .308ஐ விடத் தெளிவாகக் குறைவு.

இவற்றில் .308க்கு நான் முதலிடம் கொடுப்பதற்குக் காரணம் அதன் வலிமை அன்று. எந்தச் சிற்றூர்க் கடைக்குப் போனாலும் அந்தத் தோட்டா இருக்கும், பல விலைகளில் இருக்கும், மலிவானதை வாங்கி நிறையப் பழகலாம். 150 கிரெய்ன் குண்டு 200 மீட்டரில் குறியில் விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால், 300 மீட்டரில் அது ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று மேல் தாழும். தொடக்கக்காரர் அந்தத் தூரத்தில் சுடவே கூடாது என்பதால் இந்தத் தாழ்வு உங்களைத் தொந்தரவு செய்யாது. .243 மென்மையானது, இனிமையானது. ஆனால் குண்டு சிறியதாகையால் பட வேண்டிய இடத்தில் பட்டே ஆக வேண்டும். பழக்கமுள்ள கைக்கு அது போதும். முதல் ரைபிளாக அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். மலிவு என்பதற்காகச் செம்புறை முழுவதும் மூடிய ராணுவ வகைக் குண்டை மானுக்குப் பயன்படுத்தக் கூடாது. அது விரியாமல் ஊசிபோல் துளைத்துக்கொண்டு போய்விடும். விலங்கு நெடுநேரம் துடிக்கும். பழகுவதற்கு அது சரி. வேட்டைக்கு முனையில் ஈயம் தெரியும் மென்முனைக் குண்டு வேண்டும். வேட்டைத் தோட்டா பழகும் தோட்டா சென்ற இடத்துக்கே போகாது என்பதால், அதைக் கொண்டு மறுபடியும் குறியைச் சரிபார்க்க வேண்டும்.

திங்கள்சந்தை வாசகர்: 150 கிரெய்ன் என்பது மருந்தின் அளவா?

இல்லை, குண்டின் எடை. 150 கிரெய்ன் ஏறத்தாழ 9.7 கிராம். தோட்டா என்பது கூடு, மருந்து, குண்டு, அடியில் உள்ள பற்றவைப்பான் ஆகியவை சேர்ந்த முழுப்பொருள். அதிலிருந்து பறந்து போவது குண்டு மட்டுமே.

குளச்சலைச் சேர்ந்த செவிலியர், கனடா: அண்ணா, என் கணவர் மூஸ் என்ற மிகப் பெரிய மான் வேட்டைக்கு .30-06 ரைபிள்தான் வேண்டும் என்கிறார். நானும் உடன் சென்று பழக விரும்புகிறேன். இரண்டு தோட்டா சுட்டேன். தோள் கன்றிப்போய் மூன்றாவது முறை விசையை இழுப்பதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டேன்.

தங்கையே, உங்கள் கணவர் சொல்வதிலும் தவறில்லை. 1906ஆம் ஆண்டிலிருந்து .30-06 பெரிய விலங்குகளை வீழ்த்தி வந்திருக்கிறது. 180 கிரெய்ன் குண்டோடு மூஸுக்கு அது பொருத்தமானது. ஆனால் அது அவருடைய ரைபிளாக இருக்கட்டும். கண்ணை மூடுவது கோழைத்தனம் அன்று. வலியை எதிர்பார்த்து உடம்பு தானாகச் செய்வது. ஒருமுறை அந்தப் பழக்கம் படிந்துவிட்டால் நீக்குவதற்கு மாதக்கணக்காகும். ஆகவே இன்றே அந்த ரைபிளைச் சுடுவதை நிறுத்துங்கள்.

முதலில் .22 ரிம்ஃபயர் ரைபிளில் சில நூறு தோட்டா சுட்டுப் பழகுங்கள். அதில் உதையே இல்லை என்று சொல்லலாம், தோட்டாவும் மிக மலிவு. பிறகு 7 எம்எம்-08 அல்லது 6.5 கிரீட்மோர் வாங்குங்கள். வாங்கும்போது கட்டையின் நீளத்தைப் பாருங்கள். கடை ரைபிள்களில் விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலம் இருக்கும். அது சராசரி உயரமுள்ள ஆணின் கைக்கு அமைத்தது. உங்களுக்கு நீளமாக இருந்தால் கட்டை தோளின் பள்ளத்தில் அமராமல் மேற்கையில் உட்காரும். கன்றிப்போனதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். நீளத்தைக் குறைக்கும்படி துண்டு துண்டாகக் கழற்றக்கூடிய கட்டைகளும், குட்டைக் கட்டை மாதிரிகளும் மலிவு ரைபிள்களிலேயே கிடைக்கின்றன. ரப்பர் அணை தடிப்பாக இருக்கட்டும். ரைபிள் மிக இலேசாக இருப்பதும் நல்லதன்று. எடை குறையக் குறைய உதை கூடும்.

தக்கலை வாசகர், டெக்சாஸ்: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர்கள் மான் வேட்டைக்கு அழைக்கிறார்கள். கடையில் ரைபிள் வாங்கலாமா?

தம்பி, கடைக்குப் போவதற்கு முன் இதைப் படியுங்கள். கிரீன் கார்டு இல்லாமல் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. நண்பரின் ரைபிளைக் கையில் வாங்குவதும் அந்தத் தடைக்குள் வரும். அதற்குள்ள விலக்குகளில் ஒன்று, அந்நாட்டின் ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது. ஆகவே முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து உரிமம் எடுங்கள். அது காலாவதியாகும் நாளைக் குறித்து வையுங்கள். குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு மேற்கொண்டு செல்லுங்கள். ஒரு வார இறுதி மகிழ்ச்சிக்காக விசாவை இழந்துவிடக் கூடாது.

பேச்சிப்பாறைப் பக்கத்து விவசாயி: மரச்சீனியையும் வாழையையும் காட்டுப்பன்றி விடிவதற்குள் உழுதுவிட்டுப் போகிறது. எனக்கு எந்த ரைபிள் ஏற்றது?

அண்ணாச்சி, உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. என் அப்பாவின் விளையிலும் இதையே பார்த்தேன். ஆனாலும் நான் உங்களுக்கு எந்த ரைபிளையும் சொல்ல மாட்டேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் வேட்டை குற்றம். காட்டுப்பன்றியும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைத்தான் சுட முடியும். அதையும் வனத்துறையினர் மட்டுமே செய்ய வேண்டும். பேச்சிப்பாறையில் பெரும்பாலான நிலங்கள் காட்டின் அருகிலேயே இருக்கின்றன. சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள். சூரியசக்தி வேலி போடுவதானால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுத் தரமான கருவியோடு போடுங்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவதோ, வெடியைத் தீனியில் வைப்பதோ வேண்டவே வேண்டாம். அது பன்றியை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ யானையையோ கொன்றுவிடும்.

பூதப்பாண்டி வாசகர்: தாத்தாவின் .315 ரைபிள் வீட்டில் இருக்கிறது. அவர் சென்ற மாதம் காலமானார். இது பழைய வேட்டைத் துப்பாக்கியா?

உங்கள் துயரில் பங்கு கொள்கிறேன். ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று ஆங்கிலேயர் ஆட்சியில் தடுத்தபோது, அதற்கு மாற்றாக விளங்கியது .315. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டு நாடு முழுவதும் பரவியது. ஆனால் வரலாறு பிறகு இருக்கட்டும். உரிமம் தாத்தாவின் பெயரில் இருந்ததால், இப்போது அது உங்கள் வீட்டில் இருப்பதே சட்டச் சிக்கல். ஆயுதச் சட்டப்படி காலம் தாழ்த்தாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் உரிமம் வேண்டுமானால், அதன் பிறகு நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

நாகர்கோவில் வாசகர், கிறைஸ்ட்சர்ச்: பழைய ரைபிள் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்புறத்தை அடைக்கும் தண்டைத், திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு போல்ட்டை எடுத்துவிட்டு ஒளியை நோக்கிக் குழலைப் பாருங்கள். உள்ளே சுருளாக ஓடும் பள்ளங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும், வாய் விளிம்பில் சிதைவு இருக்கக் கூடாது. காலி ரைபிளின் கட்டையை ரப்பர் விரிப்பில் மெல்லத் தட்டினால் விசை தானாக விடுபடக் கூடாது. நியூசிலாந்தில் 2023 ஜூனிலிருந்து துப்பாக்கிப் பதிவேடு நடைமுறையில் இருப்பதால், வரிசை எண் விற்பவரின் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, கைமாறியதையும் பதிவு செய்யுங்கள். வாங்கிய பின் 25 மீட்டரில் தொடங்கி 100 மீட்டருக்குப் போய், மும்மூன்று தோட்டாவாகச் சுட்டு, ஒவ்வொரு முறையும் குழல் ஆறிய பிறகே அடுத்ததைச் சுடுங்கள். பெரும்பாலான ஸ்கோப்புகளில் திருகைச் சுற்றும்போது கேட்கும் ஒரு சொடுக்கு, குண்டு விழும் இடத்தை 100 மீட்டரில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நகர்த்தும். மேசையில் வைத்துச் சரியாக விழுந்ததும், உட்கார்ந்தும் முட்டி போட்டும் சுட்டுப் பாருங்கள். ஒரு தேநீர்த் தட்டின் அகலத்துக்குள் எல்லாக் குண்டுகளும் விழும் தூரம் எதுவோ, அந்தத் தூரத்துக்கு மேல் மானை நோக்கிச் சுடாதீர்கள்.