குவாண்டம் இயற்பியலும் கார் பந்தயமும் ஒரே ஓவியத்தில் எப்படிச் சேருகின்றன?

ஓடும் பொருளை ஒரே தெளிவான உருவமாக வரையாமல், பல சாத்தியங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த தீற்றலாகக் காட்டும் கலை இது. வேகத்தை வரைவது புதிதல்ல, இத்தாலிய ஓவியர் ஜாக்கோமோ பல்லா 1913 வாக்கிலேயே பாயும் காரை வரைந்துவிட்டார். இதில் குவாண்டம், அதாவது அணு அளவுத் துகள்களின் இயற்பியல், எங்கிருந்து வந்தது? 1927-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க் சொன்னதிலிருந்து: ஒரு துகள் இருக்கும் இடம் எவ்வளவு துல்லியமாகிறதோ, அதன் வேகம் அவ்வளவு நிச்சயமில்லாமல் போகும்.

டர்பனிலிருந்து, ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலுள்ள கியாலாமி கார் பந்தயத் தடத்துக்குப் பந்தயம் பார்க்கப் போகும் நம்ம ஆட்கள் எடுக்கும் போட்டோவை நினைத்துப் பாருங்கள். ஷட்டர் சட்டென்று மூடினால் கார் பளிச்சென்று விழும், ஆனால் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. மெதுவாக மூடினால் நீளக் கோடுதான், வேகம் தெரியும், சரி, கார் எங்கே என்றால் பதில் இல்லை.

எனக்குப் பிடித்தது ஒரு சிற்பம். இயற்பியல் படித்த ஜூலியன் வாஸ்-ஆண்ட்ரே செய்த 'குவாண்டம் மனிதன்', இடைவெளிவிட்டு நிறுத்திய எஃகுத் தகடுகள். நேர் எதிரே நின்றால் ஆள் தெரியும், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

பலர் நினைப்பதுபோல் இந்த நிச்சயமின்மை கருவியின் குறை அல்ல, துகளின் இயல்பே அதுதான். பந்தயக் கார் அளவுள்ள பொருளில் அது கண்ணுக்கே தெரியாது, ஓவியர் உவமையாகத்தான் எடுத்துக்கொள்கிறார்.