பரணில் ஒற்றை ஆள்

கேள்வி: அய்யா, எனக்கு 36 வயது. சொந்த ஊர் சத்தியமங்கலம் பக்கம், மலையடிவாரம். பதினோரு வருடமாக டெக்சாஸில் வேலை. இந்த நவம்பரில் நண்பர்களோடு முதன்முறையாக மான் வேட்டைக்குப் போகிறேன். வகுப்புக்குப் போய் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். ஒரு பண்ணையில் ஒன்பது நாளுக்குப் பணமும் கட்டியாயிற்று. உயரமான கூண்டில் உட்கார்ந்துகொண்டு, மக்காச்சோளம் தூவும் பெட்டிக்கு வரும் மானை நூறு, நூற்றைம்பது கஜத்தில் சுடலாமாம். வெள்ளைவால் மான்தான் முக்கியம், புள்ளிமானும் அங்கே உண்டு. துப்பாக்கியில்தான் குழப்பம். ஒரு நண்பர் .30-06 தோட்டாவுக்கு வாங்கு என்கிறார், இன்னொருவர் .270 வின்செஸ்டர்தான் என்கிறார். மூன்று மாதமாக இதே யோசனை. எங்கள் அப்பாருவிடம், அதாவது தாத்தாவிடம், லைசென்ஸ் துப்பாக்கி இருந்ததால் அப்பாவுக்கும் விவரம் தெரியும். ஆனால் அவரைக் கேட்க முடியவில்லை. அம்மா தங்கையின் பிரசவத்துக்காகப் பெருந்துறையில் இருக்கிறார். அப்பா பொழுது சாய்ந்தால் தனியாக மக்காச்சோளக் காவலுக்குப் பரணுக்குப் போய்விடுகிறார், போனை எடுப்பதே இல்லை. தீபாவளிக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டதால் நேரிலும் கேட்க வழியில்லை. எந்தத் தோட்டா நல்லது?
ஒரு வாசகர், ஆஸ்டின்

பதில்: தம்பி, தோட்டா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் சின்ன விஷயம் அதுதான்.

இரண்டும் ஒரே குடும்பம். .30-06 என்பது 1906-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா. பெயரில் இருக்கும் 06 அந்த வருடத்தைத்தான் குறிக்கிறது. இரண்டு உலகப் போரிலும் அவர்களுடைய சிப்பாய்கள் அதைத்தான் சுட்டார்கள். அந்த வம்சத்தின் மருந்து அடைக்கும் பித்தளைக் கூட்டையே எடுத்து, கழுத்தைக் குறுக்கி, சின்னக் குண்டை வைத்து 1925-இல் வின்செஸ்டர் கம்பெனி கொண்டுவந்தது .270. ஒன்றின் குண்டு விட்டம் 7.8 மில்லிமீட்டர், இன்னொன்று 7 மில்லிமீட்டர். .270-இல் 130 கிரெய்ன் குண்டு, அதாவது எட்டரை கிராம், வினாடிக்குச் சுமார் 3,060 அடி வேகத்தில் போகும். .30-06-இல் 150 கிரெய்ன் குண்டு சுமார் 2,900 அடி. 200 கஜத்துக்குக் குறி சரிபார்த்து வைத்தால், 300 கஜத்தில் இரண்டும் கீழே இறங்குவதில் வித்தியாசம் ஒரு அங்குலம் சொச்சம். நீங்கள் உட்காரப்போகும் கூண்டுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே இருப்பது அதில் பாதித் தூரம்.

.270 வாங்குங்கள். தோளில் உதை கொஞ்சம் குறைவு, புதிதாகச் சுடுகிறவருக்கு அது முக்கியம். உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுத்தால் நெஞ்சில் பட வேண்டிய குண்டு வயிற்றில் படும். வயிற்றில் பட்ட மான் உடனே விழாது, ஓடிப்போய்ப் புதரில் படுத்து மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அந்தப் பாவம் உங்களுக்கு வேண்டாம். சுடுவதானால் முன்னங்கால் சப்பையை ஒட்டிப் பின்னால், நெஞ்சுக்கூட்டில், பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும். அதற்கு முன்னால் நூறு தோட்டாவாவது அட்டையில் சுட்டுப் பழக வேண்டும். பின்னாளில் எல்க், கரடி என்று பெரிய உருப்படிக்குப் போவீர்களானால் .30-06 வாங்குங்கள், அதில் 180, 220 கிரெய்ன் வரை கனமான குண்டு கிடைக்கும். அவ்வளவுதான். மூன்று மாதம் யோசிக்க இதில் ஒன்றுமே இல்லை.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து இதே மாதிரி எத்தனையோ கடிதம் எனக்கு வந்திருக்கிறது. இந்தக் காரா அந்தக் காரா, வீடா மனையா என்று கேட்டிருப்பார்கள். நடுவில் ஒரே ஒரு வரி, வேறு எதற்கோ காரணம் சொல்வதற்காக எழுதியதாக இருக்கும். உங்கள் கடிதத்திலும் அந்த வரி இருக்கிறது. அப்பா தனியாகப் பரணுக்குப் போய்விடுகிறார், போனை எடுப்பதே இல்லை.

தனியாக என்று எழுதினீர்களே, எழுதும்போது கை நிற்கவில்லையா?

நான் அந்தியூர் பக்கம், பர்கூர் மலையடிவாரத்தில் வளர்ந்தவன். நிலக்கடலை காய் பிடித்ததும் எங்கள் காட்டில் பரண் கட்டுவார்கள். எங்கள் அப்பாரு ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார்: காவலுக்கு ஒற்றை ஆள் போகக் கூடாது. ஆள் கிடைக்காத ராத்திரிகளில் ஏழு வயதுப் பையனான என்னைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போவார். தனியாக ஏறியதே கிடையாது. ஒருவர் கண்ணயர்ந்தால் இன்னொருவர் முழித்திருக்க வேண்டும். பன்றி விரட்ட ஒருவர் இறங்கினால் மேலேயிருந்து ஒருவர் விளக்கடிக்க வேண்டும். வரப்பில் பாம்பு கடித்தால் ஊருக்குள் ஓடிச் சொல்லவாவது ஒரு ஆள் வேண்டும். யானை விஷயம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய உருவம் நடந்து வந்தால் காலடிச் சத்தம்கூடக் கேட்காது. மழைத் தூறலில் சுத்தமாகக் கேட்காது. விடியற்காலை இருட்டில் பரணை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும் நேரம்தான் பொல்லாத நேரம்.

உங்கள் ஊருக்குப் பின்னால் இருப்பது 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு, 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதன் ஓரத்தில் ஐப்பசி மழையில், கதிர் பால் பிடித்து வாசம் வீசும் மக்காச்சோளத்துக்கு நடுவே, தகர டப்பாவும் டார்ச்சும் நாலு வெடியும் வைத்துக்கொண்டு உங்களைப் பெற்றவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வயதைக்கூட நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கு 36 என்றால் அவருக்கு அறுபதாவது தாண்டியிருக்கும். அம்மாவும் வீட்டில் இல்லாததால் ராத்திரி என்ன சாப்பிட்டுவிட்டுப் போகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?

நீங்கள் ஒன்பது நாளுக்குப் பணம் கட்டியிருக்கும் இடத்திலும் உயரத்தில் ஒரு கூண்டு, கீழே மக்காச்சோளம். அதைத் தின்ன மான் வர வேண்டும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். வந்துவிடக் கூடாது என்று உங்கள் அப்பா காத்திருப்பார். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டு, அவரிடம் துப்பாக்கி பற்றிக் கேட்கத்தான் போன் அடித்திருக்கிறீர்கள். எடுக்கவில்லை என்றதும் அது அவர்மேல் ஒரு குறையாகிவிட்டது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் போகவில்லை.

அவரால் அங்கே ஒரு குண்டும் சுட முடியாது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மானைத் தொட்டால் ஜெயில்தான். அந்தச் சட்டம் சரி என்கிற கட்சி நான். எங்கள் தலைமுறை பார்க்கவே காடு காலியாகிக்கொண்டு வந்தது, சட்டம் இல்லாவிட்டால் மிச்சமும் போயிருக்கும். ஆனால் அதற்கான விலையை அடிவாரத்துப் பண்ணையக்காரர்கள் தூக்கத்தால் கொடுக்கிறார்கள். வேலிக் கம்பியில் வீட்டுக் கரண்டை இழுத்துவிட்டு யானையைக் கொன்று, ஆளையும் கொன்றவர்கள் உண்டு. உங்கள் அப்பா அந்த வழிக்குப் போகாமல் தன் கண்ணைத்தான் காவல் வைத்திருக்கிறார். அந்த மனிதரை இந்த வயதில் தனியாக விட்டிருக்கிறீர்கள்.

பணம் அனுப்புகிறேன், ஆள் போடச் சொன்னேன், அவர்தான் கேட்பதில்லை என்பீர்கள். கேட்க மாட்டார்தான். நம் பக்கத்துப் பெரியவர்கள் தங்கள் உடம்புக்காக ஒரு ரூபாய் எடுத்துச் செலவு செய்ய மாட்டார்கள், அதைச் சிக்கனம் என்று வேறு சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பிடிவாதத்தைப் போனில் உடைக்க முடியாது. பெற்ற பிள்ளை வந்து, திண்ணையில் எதிரே உட்கார்ந்து, சண்டை போட்டுத்தான் உடைக்க வேண்டும். மகன் என்பவன் செய்ய வேண்டிய வேலையில் இது ஒன்று. மாதம் எவ்வளவு அனுப்பினாலும் இதற்கு ஈடாகாது.

அப்புறம் அந்த லீவு. தீபாவளிக்கு லீவு இல்லை என்று அப்பாவிடம் சொன்னீர்கள். ஒன்பது நாள் இருந்திருக்கிறது. பெற்றவரிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள் தம்பி, அதற்கு வேறு நல்ல பெயர் ஏதும் கிடையாது. சீசன் போய்விடும் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். டெக்சாஸில் வெள்ளைவால் மானுக்கான பொது சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை திறக்கும், ஜனவரி வரை இருக்கும். அங்கிருக்கும் புள்ளிமான் 1932-இல் நம் நாட்டு இனத்தைக் கொண்டுபோய் விட்டதன் வம்சம், உங்கள் அப்பா ராத்திரி விரட்டுகிற அதே மான். அதற்கு அந்த மாநில அரசு சீசனே வைக்கவில்லை. லைசென்ஸும் நிலத்துக்காரர் சம்மதமும் இருந்தால் பங்குனியிலும் சுடலாம், ஆடியிலும் சுடலாம். வேட்டை உங்களுக்காக நிற்கும். கதிர் முற்றும் வரைக்கும்தான் காவல், அது நிற்காது. பண்ணைக்காரரிடம் பேசித் தேதியை மாற்றுங்கள். பணம் திரும்ப வராவிட்டால் போகட்டும்.

டிக்கெட் எடுக்கும் வரைக்கும் சும்மா இருக்கவும் கூடாது. உங்கள் காலை காபி நேரத்தில், ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் இங்கே ராத்திரி எட்டு. அவர் எப்போதோ காட்டுக்குப் போயிருப்பார். உங்களுக்குச் சாயங்காலம் ஏழரை மணி என்றால் இங்கே காலை ஆறு. பரணிலிருந்து திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருப்பார், அப்போது கூப்பிடுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு ஆறரைக்குக் கூப்பிட வேண்டும். தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். நேற்று ராத்திரி என்ன வந்தது, எந்தப் பக்கமாக வந்தது என்று கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். வைப்பதற்கு முன், தீபாவளி லீவைப் பற்றிச் சொன்னது பொய் என்று சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கே உங்கள் பங்காளி வீட்டுக்கோ, கூடப் படித்த நண்பனுக்கோ பேசி, இன்று ராத்திரியிலிருந்து பரணில் இரண்டாவதாக ஒரு ஆள் ஏற ஏற்பாடு செய்யுங்கள். கூலியை நீங்கள் நேராக அந்த ஆளுக்கே அனுப்புங்கள், அப்பா கணக்குக்குப் போனால் அது உரம் வாங்கப் போய்விடும். சூரிய மின்வேலி போடுவதானால் வனத்துறையில் பதிவு செய்து முறையாகப் போட வேண்டும். யானைக்கும் பன்றிக்கும் அது ஓரளவு தாங்கும், மான் தாண்டிவிடும். மானுக்கு இப்போதைக்குப் பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டுவதுதான் எல்லோரும் செய்வது. ஏற்கெனவே சேதம் ஆகியிருந்தால் இழப்பீட்டுக்கு விஏஓ, ரேஞ்ச் ஆபீஸ் என்று நடக்க வேண்டும். ராத்திரி முழுக்க முழித்த மனிதர் பகலில் அந்த நடை நடக்க மாட்டார். நீங்கள் வந்து நடங்கள்.

பெட்டி கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். சுட்டுப் பழகப் போகும்போது எடுத்துக்கொண்டு போகும் பையை இங்கே கொண்டுவர வேண்டாம். பை மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் கேஸ் ஆகிவிடும், அப்புறம் தீபாவளி போலீஸ் ஸ்டேஷனில்தான். புதிதாக ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே வேட்டைச் சாமான் விற்கிற கடையில் தலையில் மாட்டும் நல்ல டார்ச் கிடைக்கும். மழையில் நனைந்தாலும் எரிகிற மாதிரி இரண்டு வாங்கி வாருங்கள், ஒன்று அப்பாவுக்கு, இன்னொன்று உங்களுக்கு.